இடது கன்னம்

1954 பிப்ரவரி 9, செவ்வாய்

இன்றும் முகத்தின் வலப்பக்கத்தை மட்டும்தான் கழுவினேன். இடப்பக்கத்துக்கு ஈரத்துணியைக் கூடக் கொண்டுபோக முடியவில்லை. கண்ணாடியில் பாதி சுத்தமான கிழவி, பாதி அழுக்கான கிழவி. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு கோலம்.

வலியை ஒரே ஒரு முறை சரியாக எழுதி வைக்கிறேன். அதன் பிறகு புலம்பமாட்டேன். இடது மூக்கோரத்தில் தொடங்கும். மேலுதட்டில் பாய்ந்து, பல்வரிசை வழியாக ஓடி, காதுக்கு முன்னால் போய் நிற்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சதைக்குள் விட்டு இழுத்தது போல. பாதி மந்திரம் சொல்லும் நேரம்தான் இருக்கும். பிறகு எதுவுமே நடக்காதது போலக் கன்னம் சும்மா இருக்கும். அடுத்தது எப்போது என்று தெரியாது. பேசினால் வரும், மென்றால் வரும், கடற்காற்று பட்டால் வரும். நேற்று ஒரு கொட்டாவிக்கு வந்தது.

இதற்காக மூன்று பற்களைப் பிடுங்கியாயிற்று. மூன்றாவதைப் பிடுங்கிய பிறகுதான் சீனாக்காரப் பல் வைத்தியர் கையை விரித்தார். மூன்றையும் கழுவிப் பார்த்தேன். ஒன்றில் கூடச் சொத்தை இல்லை. நாலாவதை யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

பிப்ரவரி 14, ஞாயிறு

முந்தானையால் இடப்பக்கத்தை மூடிக்கொண்டு பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் மதலேன் நின்றாள். சுங்கத்தில் வேலை பார்த்த லூயியின் மனைவி. என்னைவிடப் பத்து வயது இளையவள், அதை மறக்காதவள்.

"அக்காவுக்கு இன்னிக்கி முக்காடு பலமா இருக்கே" என்றாள்.

காற்று என்றேன்.

ஆகஸ்டு நவநாளுக்கு இந்த வருடம் மாதா பிரார்த்தனை யார் சொல்வது என்று கேட்டாள். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, இப்போதே கேட்கிறாள். என் கணவர் இறந்த மறுவருடத்திலிருந்து அந்த ஒன்பது நாளும் பிரார்த்தனையை முன்னின்று சொல்பவள் நான். நான் ஒரு வரி சொல்ல, கோயில் நிறைந்த சனம் பதில் சொல்லும். நான் மூச்சு வாங்கினால் அவர்களும் வாங்குவார்கள். கோர்ட்டுக் குமாஸ்தாவின் மனைவி என்பதற்காகக் கிடைத்த இடம் அல்ல அது. கன்னியர் மடத்தில் பத்து வருடம் உச்சரிப்புக்காக அடி வாங்கிச் சம்பாதித்தது.

"நான்தான் சொல்லுவேன்" என்றேன். வாயை மூடுவதற்குள் கம்பி இழுத்தது. அவள் முன்னால் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியைப் பொறுத்துக்கொள்வேன். இதை எப்படிப் பொறுப்பது?

மார்ச் 3, சாம்பல் புதன்

சாம்பல் பூசும் சாமியாரின் விரல் நெற்றியிலிருந்து இடப்பக்கம் வழுக்கிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். மண்ணிலிருந்து வந்ததை நினைக்க வேண்டிய நேரத்தில் ஒரு விரலை நினைத்தேன்.

மார்ச் 11, வியாழன்

என்னைக் கேட்காமலே அஞ்சுகம் ஒரு வைத்தியரை அழைத்து வந்துவிட்டாள். நெடுநாளாக என் சமையலறையை ஆள்பவள் அவள்தான். காலையில் காரைக்கால்மேட்டிலிருந்து அன்றைய மீனும் அவளும் சேர்ந்தே வருவார்கள். "நீங்க கத்தறத கேட்டுக்கிட்டு என்னால அரைக்க முடியலம்மா" என்கிறாள்.

நான் கத்துவதில்லை. கத்தினேனா?

வந்தவர் நெரவி திருஞானசம்பந்தம். வெளுத்த வேட்டி, ஒட்ட வெட்டிய நகம். அது எனக்குப் பிடித்தது. நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். தொடவேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே கன்னத்தைத் தொடாமல் விட்டார். வாயு நரம்பில் ஏறியிருக்கிறதாம். ஒரு மண்டலம் மூக்கில் தைலம் விட வேண்டும். புளி ஆகாது, கருவாடு ஆகாது. தவக்காலத்தில் எனக்கு எப்படியும் எதுவும் ஆகாது. சம்மதித்தேன்.

ஏப்ரல் 21, புதன்

மண்டலம் முடிந்தது. தைலம் ஒரு வேளை தவறவில்லை. முதலில் குறைவது போல் இருந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையின் நடுவில் அத்தனையும் வட்டியோடு திரும்பி வந்தது.

வைத்தியர் இன்று வந்தபோது அஞ்சுகம் அவரை ஓரமாக அழைத்து முணுமுணுத்தாள். காதுக்குப் பின்னால் சூடு வைக்கவேண்டுமாம். மஞ்சள் கொம்பைச் சுட்டு வைத்ததில் அவளுடைய சித்தப்பா மகனுக்கு ஒரே நாளில் போய்விட்டதாம். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இந்த மூஞ்சியில நெருப்பு வக்கிறதுனா நான் செத்தப்புறம் வைங்க. எங்கள்ல அப்பவும் வக்க மாட்டாங்க, புதைக்கத்தான் செய்வாங்க."

வைத்தியர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சூடு வேணாம்மா. இது என் கைக்கு அடங்கல. நீங்க பெரிய டாக்டரப் பாருங்க" என்றார். தோற்றதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறு ஆண்பிள்ளை எனக்கு நினைவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மே 6, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் தியாகராசனைப் பார்த்தேன். பாண்டிச்சேரியில் படித்தவர், நாற்பது வயது இருக்கும், பிரெஞ்சு சுமாராகப் பேசுகிறார். பல்லைப் பற்றிச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். இது பல் நோயே அல்லவாம். முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஒன்று மூன்று கிளையாகப் பிரிகிறது. அதில் நடுக் கிளை பைத்தியம் பிடித்துக் கத்துகிறது. அவர் சொன்னது அப்படியே இதுதான். அப்படியானால் கத்தியது நானல்ல, நரம்பு.

மூன்று வழி சொன்னார்.

கன்னத்து எலும்புக்குள் நீண்ட ஊசியை விட்டு நரம்பின் மேல் சாராயச் சத்தை இறக்குவது. நரம்பு மரத்துப்போகும், கன்னமும் சேர்ந்து மரக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் நரம்பு திரும்ப முளைக்கலாம்.

அடுத்தது, மெட்ராசில் மண்டையோட்டின் பக்கவாட்டில் துளை போட்டு நரம்பையே அறுத்துவிடுவது. வலி திரும்பாது. கன்னமும் திரும்பாது. இடது கண்ணில் தூசி விழுந்தால் கூடத் தெரியாது, புண்ணாகிப் பார்வை போகலாம்.

மூன்றாவது ஒரு மாத்திரை. காக்காய் வலிப்புக்காரர்களுக்குக் கொடுப்பது. பிரான்சில் சில டாக்டர்கள் இந்த முகவலிக்கும் கொடுத்துப் பார்த்து, பலருக்குக் கேட்டிருக்கிறது என்று படித்திருக்கிறாராம்.

நீங்கள் யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லீங்க மதாம். நீங்க சரின்னா நீங்கதான் முதல் ஆளு" என்றார்.

வலிப்பு மாத்திரை. என் வீட்டு அலமாரியில். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே 23, ஞாயிறு

அந்துவான் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருக்கிறான். என் ஒரே மகன், கஜானாவில் பெரிய உத்தியோகம். பிரெஞ்சு எல்லைக்கும் இந்திய எல்லைக்கும் நடுவில் வழியெல்லாம் பெர்மிட், சோதனை. பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். அந்தக் கோபம் தணிவதற்கு முன்பே எனக்கு அறுவை நடத்தி முடித்துவிட்டான். மெட்ராசில் யாரையோ விசாரித்தாயிற்று, ஆஸ்பத்திரியில் இடத்துக்குச் சொல்லியாயிற்று.

"அறுத்துட்டா முடிஞ்சுதும்மா. நிம்மதி."

"யாருக்கு?"

நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் அப்பாவைப் போலவே, எந்தக் காகிதத்தையும் கையெழுத்துப் போட்டு மேசையிலிருந்து நகர்த்தினால்தான் தூக்கம் வரும். நான் காகிதம் அல்ல.

கண்ணுக்கு ஆபத்து இருக்கிறதே என்றேன். வலியோடு சாப்பிடாமல் செத்துப்போவதற்கு அது மேல் என்றான். உண்மைதான், மெலிந்துவிட்டேன், ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாயிற்று. ஆனாலும் என் மண்டையில் துளை போடுவதை நான்தான் முடிவு செய்வேன் என்று சொன்னேன். பாதி வாக்கியத்தில் கம்பி இழுத்தது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

ஜூன் 7, திங்கள்

பக்கத்து வீட்டுப் பத்ருன்னிசா பெருநாள் வட்டலப்பம் மீதியைக் கொண்டுவந்தாள். மெல்ல வேண்டாத பண்டம். முழுக் கிண்ணமும் சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, அவளுடைய மாமனாருக்கும் இதே நோய் இருந்தது என்றாள். சைகோனில் வியாபாரம் பண்ணும்போது அங்கேயே ஊசி போட்டுக்கொண்டாராம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? "நீங்க பல்வலின்னுல சொன்னீங்க அக்கா."

சாயங்காலமே போய்ப் பார்த்தேன். தாவூது மரைக்காயருக்கு எண்பது வயது, கல்லுப் போல் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் அவர் மனைவி.

"போட்டுக்க தங்கச்சி, யோசிக்காத" என்றார். "மாடில இருந்து குதிச்சிரலாம்னு நெனச்சவன் நான். ஊசி போட்ட அன்னிக்கி ராத்திரி தூங்கினேன் பாரு, அந்தத் தூக்கம் இன்னும் கலையல."

கன்னம்?

"கன்னம் எங்க இருக்கு? அது சைகோன்லயே நின்னுருச்சு." தன் பகடிக்குத் தானே சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

தேநீர் வந்தது. குடிக்கும்போது இடது உதட்டோரம் வழிந்து தாடியில் இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவி பேச்சை நிறுத்தாமல், என்னைப் பார்த்துக்கொண்டே, துண்டால் ஒற்றி எடுத்தாள். தினமும் எத்தனையோ முறை செய்கிற கை. அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. நன்றாக வாழ்கிறார். அவருக்கு அது சரி.

எனக்கு யார் துடைப்பது? அஞ்சுகமா? கோயிலில், பிரார்த்தனை நடுவில்?

ஜூன் 10, வியாழன்

மாத்திரை என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் சுலபமானது. அது பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். அறுத்ததை ஒட்ட முடியாது.

டாக்டர் பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். காலை, மதியம், இரவு ஒவ்வொன்று. சாப்பாட்டோடுதான், வெறும் வயிற்றில் எந்தக் காரணத்துக்கும் கூடாது, இரண்டு முறை சொன்னார். ஒரு முறை போதும் எனக்கு. புட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். வலிப்பு என்ற சொல் என் அலமாரியில் இருக்க வேண்டியதில்லை.

ஜூன் 15, செவ்வாய்

தரை தோணி போல் ஆடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. சாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் பொறுக்கச் சொல்கிறார், பழகிவிடுமாம். வலி அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 22, செவ்வாய்

முகம் கழுவினேன். முழு முகம். சோப்புப் போட்டு.

கழுவிவிட்டு வலி வரட்டும் என்று நின்றேன். வரவில்லை. மறுபடி கழுவினேன்.

அஞ்சுகம் வஞ்சிரம் வறுத்தாள். இடப்பக்கத்திலும் மென்று பார்த்தேன். பல் இல்லாத இடத்தில் மெல்லுவது கஷ்டம், அவ்வளவுதான்.

ஜூன் 26, சனி

தலைசுற்றல் நின்றுவிட்டது. நாளை பூசைக்குப் போகிறேன், நன்மையும் வாங்கப் போகிறேன். இரண்டு ஞாயிறு தவறிவிட்டது. நன்மை வாங்கும் நாளுக்கு, திருவப்பம் நாவில் படும் நாளுக்கு, முந்தின இரவே சாப்பாட்டை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் மடத்தில் பழக்கியது. நள்ளிரவிலிருந்து விரதம் என்பது சபையின் விதி; இரவுச் சாப்பாட்டையே விடுவது எங்கள் மதர் வைத்த விதி. சின்ன வயதில் இருந்து ஒரு முறையும் மீறியதில்லை. வயிறு வெறுமையாக இருப்பதால் இரவு மாத்திரை இல்லை. பாட்டுப் பூசை முடிந்து வரப் பதினொன்று ஆகும், ஆகவே காலை மாத்திரையும் இல்லை. மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்வேன்.

ஜூன் 28, திங்கள்

நேற்று மாலை மூன்று முறை இழுத்தது. கோயிலின் தெற்கு வாசலைத் திறந்து வைக்கிறார்கள், கடற்காற்று நேரே முகத்தில். அடுத்த முறை தூண் மறைவில் உட்காரவேண்டும்.

ஜூலை 12, திங்கள்

தூண் மறைவிலும் பயனில்லை. வாரம் முழுக்க அடங்கியிருக்கிறது, ஞாயிறு மாலையும் திங்களும் வந்துவிடுகிறது. சாம்பிராணிப் புகையா? பாட்டா? டாக்டர் கேட்டார், சில நாள் நன்றாகவும் சில நாள் மோசமாகவும் இருக்கிறது என்று சொன்னேன். அளவைக் கூட்டலாமா என்று யோசிக்கிறார்.

ஜூலை 18, ஞாயிறு

வலிப்பு மாத்திரை என்ற செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து கசிந்துவிட்டது. பூசை முடிந்ததும் மதலேன் நாலு பெண்கள் நடுவில் வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, வலிப்பு வர்றவங்க தனியா வரக்கூடாது. நான் வேணா வந்து கூட்டிட்டு வரவா?"

வலித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் பேசினேன். "எனக்கு வலிப்பு கிடையாது மதலேன். வலிப்புக்காரங்க சாப்பிடற மாத்திரைதான் சாப்பிடறேன். எனக்கு அது கேக்குது. உனக்கும் நாக்குக்கு ஏதாவது மாத்திரை வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டு வாங்கித் தர்றேன்."

வீட்டுக்கு வந்து புட்டியில் புதுக் காகிதம் ஒட்டி, மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். அலமாரியின் முன்வரிசையில் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஆகஸ்டு 5, வியாழன்

நாளை நவநாள் தொடங்குகிறது. ஒன்பது நாளும் காலையில் பாட்டுப் பூசையும் நன்மையும், மாலையில் பிரார்த்தனை. இன்று இரவு முதல் பட்டினி. தொண்டைக்குப் பனங்கற்கண்டு அஞ்சுகத்திடம் சொல்லியிருக்கிறேன், மதியத்துக்கு மேல்.

ஆகஸ்டு 8, ஞாயிறு

மூன்றாம் நாள். சொல்லி முடித்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது. கைக்குட்டையைக் கடித்துக் கிழித்திருக்கிறேன்.

ஆகஸ்டு 11, புதன்

எழுதத்தான் வேண்டும்.

ஆறாம் நாள். கோயில் நிறைந்திருந்தது. காரைக்கால்மேட்டிலிருந்து கூடப் பலர் வந்திருந்தார்கள், அஞ்சுகமும் பின்னால் தூணருகில். பாதி தாண்டிவிட்டேன். நோயாளிகளுக்காக மாதாவை அழைக்கிற வரி வந்தது. முதல் சொல் வெளியே வந்தது. இரண்டாவது வரவில்லை. இழுத்தது நிற்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக. வாய் திறந்தபடி நின்றேன். அத்தனை சனமும் காத்திருந்தது. பதில் சொல்ல வரி வேண்டுமே அவர்களுக்கு!

மதலேன் எடுத்துக்கொண்டாள். என் பின்னாலிருந்து, அதே இடத்திலிருந்து, ஒரு மூச்சுக் கூட விடாமல். நன்றாகத்தான் சொன்னாள். நன்றாகச் சொன்னாள் என்பதையும் எழுதுகிறேன்.

போதும். அறுத்துப் போடட்டும். கன்னமும் வேண்டாம் கண்ணும் வேண்டாம், எனக்கென்ன, யார் பார்க்கப்போகிறார்கள்? அந்துவானுக்குத் தந்தி கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 15, ஞாயிறு

மாதா திருநாள். படுத்திருந்தேன். தேர் போகும் சத்தம் கேட்டது.

ஆகஸ்டு 18, புதன்

மெட்ராஸ் டாக்டருக்குக் கடிதம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்கு நாளாக மாத்திரை மூன்று வேளையும் போட்டிருக்கிறேன். வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இருந்தாலும் மனம் மாறவில்லை. இதோடு இனி ஒளிந்து விளையாட எனக்குத் தெம்பில்லை.

டாக்டர் தியாகராசன் எழுதத் தொடங்கினார். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்த அளவு, எல்லாம் அந்த டாக்டருக்குத் தெரியவேண்டுமாம்.

"தினம் மூணு, விடாம போட்டீங்கல்ல?"

"நன்மை வாங்குற நாள் தவிர."

"அன்னிக்கி?"

"ஒண்ணு. மத்தியானம்."

பேனா நின்றது. ஏன் என்றார். வெறும் வயிற்றில் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், முந்தின இரவிலிருந்து நான் சாப்பிடுவதில்லையே என்றேன்.

"அது எப்பெப்ப வரும்?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். நவநாள்ல தினமும்."

"நவநாள்னா ஒன்பது நாளா? ஒன்பது நாளும் ஒத்த மாத்திரையா?"

ஆமாம் என்றேன். எழுதிய காகிதத்தை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மதாம், மண்டைய ஓட்டை போடச் சொல்லி லெட்டர் எழுதிக்கிட்டு இருந்தேன்."

"நீங்க கேக்கலையே."

"நான் சிவன் கோயிலுக்குப் போறவங்க. உங்க பூசைக்கும் என் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மருந்து இரத்தத்தில் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும்; இறங்கினால் நரம்பு விழித்துக்கொள்ளும். காற்றும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. இரண்டு விதி இருந்தது. இரண்டையும் ஓர் எழுத்துப் பிசகாமல் காத்தேன். இரண்டுக்கும் நடுவில் என் கன்னத்தை வைத்து நசுக்கினேன். எவ்வளவு சுத்தமான வேலை!

மூன்று மாதம் முறையாகப் போட்டுப் பாருங்கள், அப்போதும் கேட்கவில்லை என்றால் நானே உங்களை ரயிலேற்றுகிறேன் என்றார். சாமியாரிடம் ஏதாவது வழி கேட்கச் சொன்னார். நான் கேட்கமாட்டேன் என்றேன்.

ஆகஸ்டு 19, வியாழன்

கேட்பதா? பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து சலுகை கேட்கிற நோயாளிக் கூட்டத்தோடா? நன்மையை விட்டுவிட்டு மாத்திரையா? மாத்திரையை விட்டுவிட்டுக் கத்தியா?

இன்றைக்கு அஞ்சுகம், "சாமிகிட்ட பேசறதுக்கு ஒங்களுக்கு என்னம்மா வெக்கம், எங்க அய்யனாரா இருந்தா நான் சண்டையே போடுவேன்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்?

ஆகஸ்டு 20, வெள்ளி

போனேன்.

பங்குச் சாமியார் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூவாளியைக் கீழே வைக்கவேயில்லை.

"போன வருசம் ரோமாபுரிப் பாப்பானவர் சலுகை குடுத்தாரு. தண்ணி குடிச்சா விரதம் முறியாது, நோயாளிங்க மருந்தும் கஞ்சித் தண்ணி மாதிரி ஆகாரமும் எடுத்துக்கலாம்னு. நான் பிரசங்கத்துல படிச்சேன். நீங்க முன் வரிசையில உக்காந்து கேட்டீங்க, செசிலியம்மா."

கேட்டேன் என்றேன். நோயாளிகளுக்கு என்று படித்தீர்கள்.

"சரி. நீங்க யாரு?"

பூவாளியிலிருந்து தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அந்த மொழியில் எனக்கு எதையும் தள்ளி நின்று சொல்ல வரும். தமிழில் சொன்னேன்.

"நான் நோயாளி, சாமி."

"அப்போ மாத்திரையப் போட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை மாதம்?

கேட்டுக்கொள்ளவேண்டியதை நின்று கேட்டேன். கஞ்சித் தண்ணீர் என்றால் எவ்வளவு தண்ணீர்? பருக்கை ஒன்று தப்பி விழுந்தால்? அவர் திரும்பிப் பார்க்காமலே, "பருக்கை வேணாம்" என்றார்.

இரவுப் பட்டினியைப் பற்றியும் கேட்டேன். அது சபை வைத்தது அல்ல, உங்கள் மதர் வைத்தது, அந்த அம்மா மோட்சத்துக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது, இனிமேல் சாப்பிடலாம் என்றார்.

ஆகஸ்டு 22, ஞாயிறு

நேற்று இரவு இரண்டு இட்லி, ஒரு மாத்திரை. இன்று காலை அஞ்சுகம் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தாள். விளக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு குருணை மிதந்தது. மெல்லிய துணியில் மறுபடி வடிகட்டச் சொன்னேன். "தெய்வமே" என்றாள், எந்தத் தெய்வத்தை என்று தெரியவில்லை. வடிகட்டினாள்.

மாத்திரை போட்டுக்கொண்டு போய் நன்மை வாங்கினேன். இடி விழவில்லை. மாலையில் வலியும் விழவில்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு

அந்துவான் வந்தான். மெட்ராஸ் போகவில்லை என்றேன். ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்ததெல்லாம் வீணா என்று முகம் சுருங்கினான். கத்தி மெட்ராசில்தானே இருக்கிறது, அது எங்கும் ஓடிவிடாது. வேண்டுமென்றால் நானே கேட்பேன், அதுவரை நீ கேட்காதே என்றேன். முழு வாக்கியத்தையும் நிறுத்தாமல் சொன்னேன். அவன் வாக்கியத்தைக் கேட்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய் முற்றத்தில் வெகுநேரம் நின்றான்.

அக்டோபர் 19, செவ்வாய்

பூரண குணம் என்று யாரும் நினைக்கவேண்டாம். வாரத்தில் ஓரிரண்டு தடவை கம்பி எட்டிப் பார்க்கிறது. ஈறு வீங்கியிருக்கிறது, பல் துலக்கினால் இரத்தம். மாத்திரையின் வேலைதான் என்கிறார் டாக்டர். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். இதெல்லாம் நான் தெரிந்தே கொடுக்கிற விலை. தேநீர் தாடியில் வழியவில்லை. எனக்குத் தாடியும் இல்லை.

நவம்பர் 1, திங்கள், சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. தெருவெல்லாம் வெடி. பிரெஞ்சு மருந்து இனி வருமா என்பதுதான் எனக்குக் கவலை. டாக்டரிடம் கேட்டேன். இதே சரக்கு மெட்ராசில் வேறு பெயரில் கிடைக்கிறதாம். அப்படியானால் சர்க்கார் எதுவானாலும் சரி.

நவம்பர் 27, சனி

மெட்ராஸ் மாத்திரைப் புட்டி வந்தது. அந்துவான் தானே போய் வாங்கி அனுப்பியிருக்கிறான். அறுவைக்கு இடம் பிடித்த அதே ஆள் மூலமாகத்தானாம்.

1955 ஆகஸ்டு 6, சனி

நவநாள் தொடங்கியது. யார் சொல்வது என்று சாமியார் கேட்டார். நான் என்றேன், என்னால் முடியாமல் போகிற இடத்தில் மதலேன் எடுத்துக்கொள்ளட்டும், என் பின்னாலேயே நிற்கட்டும் என்றும் சொன்னேன். மதலேனுக்கே நம்ப முடியவில்லை. "என்னையா அக்கா?" என்றாள். அன்றைக்கு நீ எடுத்துக்கொண்டது சரியான இடம் என்றேன்.

ஆகஸ்டு 14, ஞாயிறு

ஒன்பதாம் நாள். இரண்டு நாள் அவள் எடுத்துக்கொண்டாள், மற்ற நாள் நான். இன்று முழுவதும் நான்.

நோயாளிகளுக்கான வரி வந்தபோது உள்ளே ஒன்று அசைந்தது. கம்பி அல்ல, கம்பியின் நினைவு. குரலை இறக்காமல் போனேன். கோயில் பதில் சொன்னது.

வெளியே வந்ததும் மதலேன், "அந்த ஒரு வரியில மட்டும் சத்தம் ஏன் அக்கா அப்படிக் கூடுச்சு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது" என்றாள்.

"எங்க கூட்டத்துக்கு வேண்டியத நாங்கதான சத்தமா கேக்கணும்" என்றேன்.

முகத்தில் கடற்காற்று. முந்தானையைத் தோளிலேயே விட்டு நடந்தேன்.

நாளை திருநாள். காலைக் கஞ்சியை இரண்டு முறை வடிகட்டச் சொல்லி அஞ்சுகத்திடம் இப்போதே ஞாபகப்படுத்த வேண்டும்.